இரண்டாம் வாசிப்பு

எங்கள் தோட்டத்தில் ரெங்கசாமி அண்ணன் நடந்துகொண்டே தூங்குவார் என்று ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். மனுஷன் தூங்கவில்லை, யோசித்துக்கொண்டு போவார், அவ்வளவுதான். ஸ்பிரிங்வெளிக்கு மேலே, மேற்கணக்கு என்று நாங்கள் சொல்லும் மேட்டுப் பிரிவிலிருந்து காலையில் இறங்கி, பஸ்ஸில் பதுளைக்குப் போய், தோட்டத்துக்கு வந்த கடிதங்களைப் பூட்டுப் போட்ட கித்தான் பையில் வாங்கிக்கொண்டு, பொழுது சாய்வதற்குள் ஏறி வந்து சேருவது அவர் வேலை. தபாலை எங்கள் பக்கம் ‘தப்பால்’ என்போம். ஆளையும் அப்படியே கூப்பிட்டோம். பனி மூடிக் கிடக்கும் நாட்களில் குறுக்குப் பாதையில் முதலில் பித்தளைப் பூட்டு தெரியும், பிறகு பை, அதற்கும் பிறகுதான் தப்பால் தெரிவார்.

யோசனையெல்லாம் பைக்குள் இருக்கும் கடிதங்களைப் பற்றித்தான். எழுதின ஆள் எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்து எழுதியிருப்பார், அந்த வீட்டு வாசலில் என்ன மரம் நிற்கும், மை காயுமுன் யாராவது கூப்பிட்டு எழுந்து போயிருப்பாரா என்று கற்பனை பண்ணிக்கொண்டே நடப்பார். கடிதத்தை நீட்டும்போது, “இத எழுதுற நேரம் அங்க மழைங்க,” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவரிடம் யாரும் கேட்டதில்லை. சில சமயம் பிரித்துப் பார்த்தால், வெளியே மழை பெய்கிறது என்று உள்ளே எழுதியிருக்கும்.

லயம் என்னும் எங்கள் வரிசை வீடுகளில் பாதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும். கப்பலேறி இந்தியாவுக்குப் போன சொந்தக்காரர்கள் திருச்சிப் பக்கமிருந்தும் கோத்தகிரியிலிருந்தும் எழுதுவார்கள். அதை வாசித்துக் காட்டுவதும், சொல்லச் சொல்லப் பதில் எழுதிக் கொடுப்பதும் தப்பால்தான். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். எந்தக் கடிதத்தையும் இரண்டு தடவை வாசிப்பார். முதல் வாசிப்பில் அழலாம், மூக்கைச் சிந்தலாம், கேள்வி கேட்கக்கூடாது. பிறகு பால் சேர்க்காத பிளேன்டீ ஒன்று. அதன் பிறகு இரண்டாம் வாசிப்பு. அப்போது எந்த இடத்திலும் நிறுத்திக் கேட்கலாம். “மொத வாசிப்பு காதுக்கு. ரெண்டாவதுதான் புத்திக்கு,” என்பார். பிளேன்டீ ஊற்றாத வீட்டில் இரண்டாம் வாசிப்பு கிடையாது என்று நாங்கள் கேலி பண்ணுவோம்.

இத்தனை பேருக்குக் கடிதம் சுமந்தவருக்கு அவர் பேரில் ஒரு கடிதம் வந்ததில்லை. கூடப் பிறந்த அக்கா ஒருத்தி கப்பலில் போனாள். போனதும் எழுதுகிறேன் என்றவள் எழுதவேயில்லை. நான் அவருக்கு அடுத்த காம்பராவில், ஒரே சுவருக்கு மறுபக்கம், குடியிருந்தவன், தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவன். அந்த அக்காவைக் கண்ணாலும் கண்டதில்லை. ஆனாலும் அவள் மேல் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். தப்பாலுக்குக் கோபம் கிடையாது. “எழுதியிருக்கும். வழியில எங்கயோ நிக்குது,” என்பார்.

அவருக்கும் கருப்பம்மா அக்காவுக்கும் ஒரே மகள், நிரஞ்சலா. மலைக்குக் கொழுந்து பறிக்கப் போன புதிதில் அவளுக்கு வலிப்பு வந்தது. கூடையோடு தேயிலைக்குள் விழுந்து வெட்டி இழுத்தவளைத் தூக்கி வந்து ரோட்டில் கிடத்தினார்கள். எங்கள் வழக்கத்தில் கையில் இரும்பு திணிக்க வேண்டும். அந்த நேரம் எதிரே ஏறி வந்துகொண்டிருந்த தப்பால், பைச் சாவியை மகளின் கைக்குள் வைத்துப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு பதுளை ஆஸ்பத்திரியில் கிளினிக் கார்டு போட்டு, காலையும் மாலையும் மாத்திரை. மாத்திரை தொடங்கியதிலிருந்து வலிப்பு கிட்டவே வரவில்லை. கொழும்பில் கடை வேலை பார்த்த ரமேஸ் விஷயம் தெரிந்தேதான் அவளைக் கட்டினான்.

2007இல் நிரஞ்சலா வயிற்றில் பிள்ளை தங்கியது. வீடே சிரித்தது. அப்போதுதான் குழாயில் மலைத்தண்ணீர் விழும் பீலியடியில் யாரோ சொன்னார்கள், வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவளுக்குப் பிள்ளை கோணலாகப் பிறக்கும் என்று. சொன்னது யார் என்று நான் விசாரித்தேன். ஆளாளுக்கு அடுத்தவளைக் கை காட்டினார்கள். கிளினிக்கில் கேட்டிருக்கலாம், ஆனால் முன்னும் பின்னும் ஆள் நிற்கையில் நிரஞ்சலாவுக்கு வாய் வராது. கேட்காமலே திரும்பி வந்து, மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பாள். முழுங்கினால் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயம், விட்டால் தான் விழுந்துவிடுவோமோ என்று பயம்.

“ஒரு பதிலு தெரிஞ்சா போதும்பா,” என்றாள் அப்பாவிடம்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் றஷீதா என்ற அம்மா போட்டோகொப்பிக் கடை வைத்திருந்தார். கந்தோர் என்னும் தோட்டத்து ஆபீஸின் தாள்களைப் பிரதி எடுக்கத் தப்பால் அங்கே போவார். அந்த வருஷம் கடை மூலையில் ஒரு கொம்பியூட்டர் வந்து, இன்டர்நெட்டும் வந்திருந்தது. தப்பால் மகளின் கதையைச் சொல்லி, “இதுல கேட்டா பதில் வருங்களா?” என்றார்.

“கேக்கிறது லேசு, நானா,” என்றார் றஷீதா. அண்ணனை அவர்கள் பக்கம் நானா என்பார்கள். “பதிலும் குமிஞ்சு வரும். எது நெசம், எது பொய் எண்டுதான் எனக்கும் விளங்கிறல்ல.”

தேடிப் பார்த்தார்கள். பல பக்கங்களில் தமிழ் எழுத்து வெறும் கட்டம் கட்டமாக வந்து நின்றது. ஒரேயொரு பக்கத்தில் ஒழுங்கான தமிழ். மாலை போட்ட வைத்தியர் ஒருவரின் படம், கதவிலக்கம் தெரு ஊர் என்று முழு விலாசம், அடியில் வட்டமாக ஒரு முத்திரை. தப்பாலின் முகம் மலர்ந்துவிட்டது.

“இன்னும் கொஞ்சம் தேடுவமே. இங்கிலீசுல நெறய இரிக்கி,” என்றார் றஷீதா.

“வெலாசம் இருக்கு, முத்திரை இருக்கு. இது மொட்டக் கடுதாசி இல்லம்மா,” என்றார் தப்பால். அது அவருடைய தொழில் புத்தி. அனுப்பினவர் பேர் இல்லாத கடிதத்தைக் கையால் தொடவே கூசுவார். பேரும் முத்திரையும் இருந்துவிட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்வார். நாங்கள் எல்லோரும் அப்படித்தான். முத்திரை விழுந்த தாளைச் சந்தேகப்பட எங்களுக்கு யாரும் பழக்கவில்லை.

அந்த வைத்தியருக்கு எழுதினார்கள். தப்பால் சொல்ல, றஷீதா தட்டினார். லயத்து ஆட்களுக்கு எழுதிக் கொடுக்கிற அதே முறையில், நலம் சொல்லி நலம் கேட்டு, பிறகுதான் விஷயம்: மகள் கர்ப்பமாக இருக்கிறாள், வலிப்பு மாத்திரையை விடலாமா கூடாதா, பிள்ளைக்கு என்ன ஆகும்.

பதில் வந்தது. றஷீதா அதை அச்செடுத்துக் கொடுத்தபோது தப்பால் முதல் வரியை மட்டும் வாசித்தார். ‘மதிப்புக்குரிய திரு. ரெங்கசாமி அவர்களுக்கு’ என்றிருந்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. “மிச்சத்த வீட்டுல வாசிக்கிறேன்,” என்றார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு கடித உறை கேட்டார். தாளை மடித்து வைத்து ஒட்டி, மேலே தன் பேரையும் லயத்தையும் எழுதித் தரச் சொன்னார். றஷீதா சிரிக்காமல் எழுதிக் கொடுத்தார். அதற்காக அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கும்.

கடிதத்தைப் பைக்குள் மற்றக் கடிதங்களோடு போட்டுப் பூட்டினார். அன்றைக்கு அவர் பஸ்ஸில் வந்ததையும் மலை ஏறினதையும் கேட்டால், காற்றில் மிதந்து வந்ததாகத்தான் சொல்வார். பனி பாதையை மூடிக் கிடந்ததாம். காலுக்குக் கீழே மண் இருக்கிறதா என்றே தெரியவில்லையாம். அந்த வைத்தியர் வீட்டு வாசலில் ஒரு கொன்றை மரம் நிற்கும், பூ உதிர்ந்து கிடக்கும், அதை மிதிக்காமல் சுற்றி வந்து உட்கார்ந்து எழுதியிருப்பார் என்று நினைத்துக்கொண்டே வந்தாராம். தோட்டத்துக் கடிதங்களையெல்லாம் வீடு வீடாகக் கொடுத்து முடித்து, கடைசியில் தன் காம்பரா வாசலில் நின்று, “தப்பால்,” என்று குரல் கொடுத்தார்.

“என்னங்க இது, சொந்த வீட்டுக்கு வந்து தப்பாலுங்கிறீங்க,” என்றார் கருப்பம்மா அக்கா.

“கடுதாசி இருக்கு. எம் பேருக்கு.”

லயத்துச் சுவர் என்பது பேருக்குத்தான் சுவர். இந்தப் பக்கம் நான் பள்ளிப் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். முதல் வாசிப்பு முழுவதும் கேட்டது. தப்பாலின் குரல் அன்றைக்குக் கோயிலில் படிக்கிற குரலாக இருந்தது. உங்கள் துயரம் எங்கள் துயரம். ஆங்கில மருந்து உடம்பை அரிக்கும் நஞ்சு, இன்றே நிறுத்திவிடுங்கள். எங்கள் சூரணத்தை ஒரு மண்டலம் உண்டால் நோய் வேரோடு போகும். நரம்புகள் முறுக்கேறும், இழந்த இளமை திரும்பும், வீரம் மிக்க ஆண்மகனாக நிமிர்ந்து நடப்பீர்கள். எனக்கே கேட்கக் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முடிந்ததும் மாத்திரை டப்பாவின் மூடி அழுத்துகிற சத்தம் கேட்டது. நிரஞ்சலா அதைத் தூக்கி மேல் தட்டில் வைத்துவிட்டாள். மாலை மாத்திரையை எடுக்கவில்லை. “நல்ல வேளப்பா,” என்றாள். அந்தக் குரலில் அவ்வளவு நிம்மதி.

பிளேன்டீ குடித்தார்கள். இரண்டாம் வாசிப்பு தொடங்கியது. பாதியில் நிரஞ்சலா நிறுத்தினாள்.

“புள்ளையப் பத்தி என்னப்பா எழுதியிருக்கு?”

தாள் புரளும் சத்தம். தப்பால் மேலே பார்த்து, கீழே பார்த்து, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாராம்.

“மகன் பொறக்கும்னு போட்டிருக்கா? என்னமோ ஆம்பளன்னு வந்திச்சே,” என்றாள்.

“அது... அது என்னச் சொல்லியிருக்கு,” என்றார் தப்பால். “நான் நிமுந்து நடப்பேனாம்.”

பிறகு கருப்பம்மா அக்கா மெதுவாகச் சொன்னார்: “பேரு ஒங்க பேருதாங்க. ஆனா கடுதாசி நமக்கு வந்தது இல்ல.”

ஆயுள் முழுக்க அடுத்தவர் கடிதம் வாசித்தவருக்கு, பதில் கடிதம் எப்படி இருக்கும் என்று தெரியும். பசு கன்று போட்டதா என்று கேட்டால், போட்டது, கிடாரி என்று முதல் வரியிலேயே வரும். இவர் பிள்ளையைப் பற்றிக் கேட்டார். அதில் பிள்ளை என்ற சொல்லே இல்லை. கேள்வியை வாசிக்காமலே எவனோ பதில் போட்டிருக்கிறான். ஊருக்கெல்லாம் போடுகிற நோட்டீசின் தலையில் அவர் பேரை ஒட்டியிருக்கிறான். எனக்கு அந்தப் பொடி வியாபாரியைக் கையில் கிடைத்தால் நாலு அறை விட வேண்டும் போலிருந்தது. அறை வாங்கினதுபோல் உட்கார்ந்திருந்தது தப்பால்தான்.

“பொய்னு தெரிஞ்சிருச்சில்ல. மாத்திரய எடுத்து முழுங்கு,” என்றார் கருப்பம்மா அக்கா.

“நிறுத்துன்னு சொன்னது பொய்தாம்மா. ஆனா முழுங்குன்னு சொன்னது யாரு?” என்றாள் நிரஞ்சலா. “எங் கேள்விக்கு யாராச்சும் பதில் சொல்லட்டும். அதுவரைக்கும் என்னால முடியாது.” எவ்வளவோ கெஞ்சியும் அவள் அசையவில்லை.

விடிந்ததும் தப்பால் முதல் பஸ்ஸில் போய் றஷீதா கடை திறக்குமுன் வாசலில் நின்றார். உள்ளே உட்கார்ந்து, அந்தத் தாளை மேசையில் வைத்து, “இது நோட்டீசும்மா,” என்றார். “இன்னைக்கு வேற மாதிரி தேடுவோம். விக்கிறவங்க வேணாம். எழுதினது யாரு, எப்ப எழுதினாங்கன்னு இருக்கணும். எல்லாத்துக்கும் மேல, எம் மக கேட்டதுக்குப் பதில் இருக்கணும்.”

றஷீதா ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, இங்கிலீசைத் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார். தப்பால் ஒவ்வொன்றுக்கும், “என்ன விக்கிறாங்க?” என்று கேட்டார். எண்ணெய், கல் மோதிரம், பொடி என்று ஏதாவது ஒன்று வந்தபடி இருந்தது. ஒன்றில் எழுதினவர் பேர் இல்லை. இன்னொன்று பழைய வருஷத்தது. கடைசியில் வெளிநாட்டு வலிப்பு நோயாளர் சங்கம் ஒன்றின் பக்கம் வந்தது. எழுதிய டொக்டர்மாரின் பேர்கள் இருந்தன, கடைசியாகத் திருத்திய மாதம் இருந்தது, வாங்கச் சொல்லி ஒன்றும் இல்லை. தலைப்பே நிரஞ்சலாவின் கேள்விதான்.

“இரிங்க, வாசிக்கிறன்,” என்றார் றஷீதா. “தானா நிப்பாட்டக் கூடாதாம். திடீரெண்டு விட்டா வலிப்புக் கூடும், அது தாய்க்கும் புள்ளைக்கும் ஆபத்து. சில மாத்திரையால புள்ளைக்குக் குறை வரலாம், அது மெய்தானாம். அதனால டொக்டர் அளவ மாத்துவாராம், இல்லாட்டி மாத்திரைய மாத்துவாராம். கூடுதலான தாய்மாருக்கு நல்ல புள்ளதான் பிறக்குதாம். மாத்திரையின்ட பேரோட கெதியா உங்கட டொக்டரக் காணுங்க எண்டு போட்டிரிக்கி.”

தப்பாலுக்கு முகம் விழுந்துவிட்டது. “இவ்வளவு தூரம் சுத்தி, இதுவும் டொக்டர்கிட்டயே போகச் சொல்லுதே.”

றஷீதா பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி வரவழைத்தார். குடித்து முடித்துவிட்டு, “இன்னொரு தடவ வாசிங்கம்மா,” என்றார் தப்பால்.

இரண்டாவது தடவை, ‘அது மெய்தானாம்’ என்ற இடத்தில் அவர் நிறுத்தச் சொன்னார். மகளின் பயத்தை இதுவரை யாரும் அப்படி ஒத்துக்கொள்ளவில்லை. பீலியடியில் அதைப் பூதமாக்கினார்கள். வீட்டில் ஒன்றுமில்லை என்றார்கள். பொடிக்காரன் அதைக் கண்டுகொள்ளவேயில்லை. இங்கே முகம் தெரியாத யாரோ, உன் பயத்தில் இவ்வளவு உண்மை, இதற்கு மேல் உன்னை நேரில் பார்த்தவர்தான் சொல்ல முடியும் என்று எழுதியிருக்கிறார்கள்.

“இது நமக்கு வந்ததும்மா,” என்றார் தப்பால். “தெரிஞ்சதச் சொல்லிட்டு, தெரியாததுக்கு வெலாசமும் குடுத்திருக்காங்க.”

றஷீதா விடவில்லை. இன்னொரு நாட்டு ஆஸ்பத்திரியின் பக்கத்தையும் தேடி எடுத்தார். அதுவும் அதையேதான் சொன்னது. இரண்டையும் தமிழில் எழுதிக் கொடுத்தார்.

அன்றைக்குத் தப்பால் ஓடினதை மேற்கணக்கே பார்த்தது. அதற்கு முன்னும் பின்னும் அவர் ஓடி நாங்கள் பார்த்ததில்லை. வீட்டு வாசலில் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டி ஒதுக்கியிருந்தது. காலையில் நிரஞ்சலாவின் கை தானாக ஒரு வெட்டு வெட்டி இழுத்து, தேத்தண்ணிக் கிளாஸ் பறந்து விழுந்திருக்கிறது. அவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு, இரண்டு கையையும் மடியில் இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். தப்பால் மூச்சு வாங்க நின்றபடியே வாசித்தார். ‘தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து’ வந்ததும் அவள் எழுந்து டப்பாவை எடுத்தாள்.

“ரெண்டாவது தடவ வாசிக்கவா?”

“வேணாம்பா. வெளங்கிருச்சு,” என்று சொல்லி மாத்திரையை முழுங்கினாள்.

மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே துவாரகா என்ற யாழ்ப்பாணத்து டொக்டர் இருந்தார். அன்றைக்கு நிரஞ்சலாவுக்கு வாய் வந்தது. முன்னும் பின்னும் ஆள் நிற்கத்தான் கேட்டாள், பீலியடிப் பேச்சிலிருந்து கை வெட்டி இழுத்தது வரைக்கும்.

“ஒரு நேரம்கூட இனி விடாதேங்கோ, என்ன,” என்றார் டொக்டர். “குளிசையின்ர அளவை நான் மாத்தித் தாறன். விற்றமினும் ஒண்டு சேர்த்து எடுங்கோ. ஸ்கான் பண்ணிப் பாப்பம். ஒரு பயமும் இல்லை எண்டு நான் பொய் சொல்ல மாட்டன். ஆனா கவனமாப் பாத்துக்கொண்டு போகலாம்.”

தப்பால், வலிப்பு வந்தால் கையில் கொடுக்கலாமா என்று பைச் சாவியைக் காட்டிக் கேட்டிருக்கிறார். டொக்டர் சிரித்துவிட்டு, “அது உங்கட பைக்கே இருக்கட்டும், ஐயா. பிள்ளையை ஒரு பக்கமாச் சரிச்சுப் படுக்க வச்சுப்போட்டுப் பக்கத்தில இருங்கோ, அது போதும்,” என்றாராம்.

அந்த மாதங்களில் தப்பால் இன்னும் மெதுவாக நடந்தார். எந்த வீட்டு வாசலையும் கற்பனை செய்யவில்லை. பேரப்பிள்ளை முகத்தைத்தான் பனிக்குள் தேடிக்கொண்டு வந்திருப்பார் என்று நினைக்கிறேன். கடிதம் மாறிக் கொடுக்கத் தொடங்கினார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை, எங்களுக்குள் மாற்றிக்கொண்டோம்.

தீபாவளி கழிந்து ஒரு காலையில் நிரஞ்சலாவைப் பதுளைக்குக் கொண்டுபோனார்கள். ரமேஸ் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தான். துணைக்கு நான் போனேன். பிரசவ விடுதிக்கு வெளியே வெயில் வருவதும் பனி மூடுவதுமாக இருந்தது. கருப்பம்மா அக்கா வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். தப்பால் நின்றார். அவர் கை பொத்தியிருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை.

கதவு திறந்தது. தாதி ஒருவர் சிங்களம் கலந்த தமிழில், “நிரஞ்சலா ஆள் யாரு?” என்றார். “பொம்பளப் புள்ள. வலிப்பு வரல்ல. ரெண்டு பேரும் நல்லம்.”

கருப்பம்மா அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் கண் நிறைந்தது. தப்பால் மட்டும் அசையாமல் நின்றார். தாதி கதவைச் சாத்தப் போகையில், “மிஸ்,” என்று கூப்பிட்டார்.

“இன்னொரு தடவ சொல்லுங்க.”

நடுவில் பிளேன்டீ இல்லாமல் அவர் கேட்ட ஒரே இரண்டாம் வாசிப்பு அதுதான். தாதி, காது கேட்காதவர் என்று நினைத்துச் சத்தமாகச் சொன்னார். “பொம்பளப் புள்ள. வலிப்பு வரல்ல...”

தப்பால் கண்ணை மூடியபடியே கையை உயர்த்தி நிறுத்தினார்.

“புள்ளைக்கு?” என்றார்.

“புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல, ஐயா.”